பூச்சி மாத்திரையும் மாசிபத்திரியும்

உதகையிலிருந்து கோத்தகிரிக்குப் பேருந்தில் போகிறவர்கள், இந்த மலையின் பெயரையே தன் தாவரவியல் பெயராகச் சுமக்கும் ஒரு செடியைத் தினமும் கடந்து போகிறார்கள். மாசிபத்திரிதான் அது. தாவரவியலார் அதை ஆர்ட்டிமிசியா நீலகிரிகா என்கிறார்கள். இலையின் மேற்புறம் பச்சை, அடிப்புறம் சாம்பல் பூத்த வெள்ளை. கசக்கினால் மூக்கைத் துளைக்கும் கார வாசனை. வயிற்றுப் பூச்சிக்கு இதன் சாற்றைக் கொடுக்கும் பழக்கம் நாட்டின் பல பகுதிகளில் இருந்திருக்கிறது. இதன் உறவுச் செடி ஒன்றிலிருந்து 1830-ல் பிரித்தெடுத்த சான்டோனின் என்ற மருந்தைத்தான், உருண்டைப்புழுவுக்காக ஒரு நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுக்கக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அளவு கூடினால் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். அந்த மருந்தின் காலம் முடிந்துவிட்டது. செடி மட்டும் நம் சாலையோரத்தில் களையாக நிற்கிறது.

இன்னொரு செய்தியையும் இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். குடற்புழுவால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள் யார் என்று உலக சுகாதார நிறுவனம் பட்டியல் தருகிறது. சிறு குழந்தைகள், பள்ளி மாணவர்கள், மகப்பேறு வயதுப் பெண்கள் என்று வரும் அந்த வரிசையில், ஆபத்து மிகுந்த தொழில் செய்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கு அந்நிறுவனம் எடுத்துக்காட்டாகச் சொல்வது இரண்டு தொழில்களை. ஒன்று சுரங்கத் தொழில். மற்றொன்று தேயிலை பறிப்பது.

தேயிலை பறிப்பவர் என்றால் நம் ஊர் அக்காவும் அத்தையும்தான். பந்தலூரிலும் கூடலூரிலும் விடிகாலையில் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு தேயிலைக் காட்டுக்குப் போகிறவர்கள். உலகப் பட்டியலில் அவர்களுக்கு இடம் இருக்கிறது. நம் ஊர் ஏற்பாட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

2015-ல் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்க நாளில், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் 1 வயது முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். தமிழ்நாட்டில் இதோடு 20 முதல் 30 வயது வரையுள்ள பெண்களையும் சேர்த்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மட்டும் விலக்கு. நல்ல ஏற்பாடு. ஆனால் 45 வயதில் தேயிலை பறிக்கும் பெண் இதற்குள் வரமாட்டார். அவருடைய கணவரும் வரமாட்டார். மகளுக்குப் பள்ளியில் மாத்திரை கொடுக்கிறார்கள். அதே வீட்டில், அதே தண்ணீரில், அதே மண்ணில் புழங்கும் தாய்க்கு இல்லை.

இந்த இடைவெளியில்தான் பச்சிலை பற்றிய பேச்சு எழுகிறது. மாத்திரைக்கு வழியில்லாதபோதும், மாத்திரையில் நம்பிக்கை இல்லாதபோதும், மாத்திரை போட்டும் மூன்று மாதத்தில் பூச்சி திரும்பியபோதும், வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் மருந்துக்குப் போகிறோம். வேப்பங்கொழுந்து, பாகல் சாறு, பூசணி விதை, குப்பைமேனி, ஓமம், வாய்விடங்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவிவிடும் வழக்கம் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை ஏறத்தாழ எல்லா வீட்டிலும் இருந்தது. அரசின் மாத்திரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் என்பதைக் கவனித்தால், பாட்டியும் சுகாதாரத் துறையும் நாம் நினைக்கும் அளவுக்கு விலகி நிற்கவில்லை என்பது தெரியும்.

ஆகவே பச்சிலையா மாத்திரையா என்ற சண்டையில் ஒரு பக்கம் சேர நாம் விரும்பவில்லை. இரண்டுமே உள்ளே இருக்கும் புழுவைத்தான் குறிவைக்கின்றன. வெளியே மண்ணில் காத்திருக்கும் புழுவை இரண்டும் தடுப்பதில்லை.

கொக்கிப்புழுவின் வழியைத் தெரிந்துகொண்டால் இது புரியும். அதன் முட்டை மலத்தோடு மண்ணில் விழுகிறது. ஈரமும் நிழலும் வெதுவெதுப்பும் இருந்தால் ஓரிரு நாளில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் தோலைத் துளைக்கும் நிலைக்கு வருகிறது. வெறுங்காலில் ஏறி, இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. அங்கே கொக்கிபோல் பற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது, வகையைப் பொறுத்து, 0.03 மில்லியிலிருந்து 0.2 மில்லி வரை. கேட்டால் துளிகூட இல்லை என்று தோன்றும். நூறு புழு என்றால் குறைந்த கணக்கிலேயே மாதத்துக்கு 90 மில்லி. மாதவிலக்கிலும் பிரசவத்திலும் ஏற்கெனவே இரத்தம் இழக்கும் பெண்ணுக்கு இது சிறிய தொகை அல்ல.

தேயிலைக் காட்டைவிட அந்தப் புழுவுக்குத் தோதான இடம் வேறு கிடையாது. செடியின் நிழல், மழை ஈரம், மட்கிய இலை எல்லாம் அங்கே உண்டு. பனி விழும் உதகையைவிட, வெதுவெதுப்பான கூடலூர், பந்தலூர் பக்கத்து மண் அதற்கு இன்னும் வசதி. உருண்டைப்புழுவுக்கு வழி வேறு. அதன் பெண் புழு ஒரு நாளில் ஏறத்தாழ இரண்டு லட்சம் முட்டை இடும். முட்டைகள் குளிரையும் தாங்கி ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கும். கழுவாத கையிலும் கேரட்டிலும் முள்ளங்கியிலும் ஏறிவரும். ஆகவே மேல்மலை, கீழ்மலை என்று நீலகிரியில் யாருமே இதிலிருந்து விலகி நிற்க முடியாது. கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் கழுவும் ஓடைத்தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்பது, சென்னையில் அந்தக் கேரட்டைப் பச்சையாகக் கடிக்கும் குழந்தைக்கும் சம்பந்தமுள்ள விஷயம்.

மருந்து மட்டும் போதாது என்பதை வரலாறு ஒருமுறை நமக்குக் காட்டிவிட்டது. 1880-ஐ ஒட்டி ஆல்ப்ஸ் மலையில் செயின்ட் கோத்தார்டு சுரங்கப்பாதை வெட்டிய தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக இரத்தம் சுண்டி வெளிறிப்போனார்கள். காரணம் கொக்கிப்புழு என்று கண்டார்கள். அதற்கு இத்தாலிய மருத்துவர்கள் தேர்ந்த மருந்து தைமோல். அந்தத் தைமோல் நம் ஓமத்தில் இருப்பது. முதல் உலகப் போருக்கு முன்பு இந்திய ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய், அங்கே தைமோலாகி, விலையேறித் திரும்பி வந்தது. நம் அஞ்சறைப்பெட்டிச் சரக்குதான் அன்றைய உலகின் முதன்மைக் கொக்கிப்புழு மருந்து என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமையோடு ஓர் எச்சரிக்கையும் சேர்ந்து வந்தது. தைமோலைக் கொடுத்த பிறகு எண்ணெயோ மதுவோ கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மருந்து இரத்தத்தில் அதிகம் ஏறி நஞ்சாகும். விளக்கெண்ணெயில் பேதி கொடுக்கும் நம் வீட்டு வழக்கமே அங்கே உயிருக்கு ஆபத்தாகியிருக்கும். செடியில் இருக்கும் பொருள் ஒன்றுதான். அளவும் சேர்க்கையும்தான் அதை மருந்தாகவோ நஞ்சாகவோ ஆக்குகின்றன.

1916-ல் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கை மாத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. 1920-களில் சென்னை மாகாணத்திலும் அது வேலை செய்தது. பட்டினி போட்டு, மருந்து கொடுத்து, பேதி உப்பு கொடுத்துத் தமிழ்த் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாக மருந்து குடிக்கவைத்தார்கள். புழு வெளியே வந்தது. ஆனால் தோட்டங்களில் கழிப்பறை கட்டுவதற்குப் பணமும் மனமும் அந்த வேகத்தில் வரவில்லை. சில மாதங்களில் அதே மண்ணிலிருந்து அதே கால்களில் புழு மறுபடியும் ஏறியது. 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பி, அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு அமர்ந்த குடும்பங்கள், அன்று இலங்கைத் தோட்டங்களில் உழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். நூறு ஆண்டு முன்பு செய்த தவறை அவர்கள் பேரர்களிடமும் நாம் திரும்பச் செய்யக் கூடாது.

இனி செடிகளுக்கு வருவோம். இவற்றைக் காப்பாற்ற நினைப்பவர்கள்தான் இவற்றைக் கடுமையாகச் சோதிக்கச் சொல்ல வேண்டும். நம் கல்லூரிகளில் புழுக்கொல்லி மூலிகை ஆய்வு என்ற பெயரில் வெளிவரும் பெரும்பாலான கட்டுரைகளில் சோதனைக்கு எடுப்பது மண்புழுவை. தட்டில் சாறு ஊற்றி, மண்புழு எத்தனை நிமிடத்தில் மயங்கியது, எத்தனை நிமிடத்தில் செத்தது என்று எழுதுகிறார்கள். மண்புழு ஒட்டுண்ணி அல்ல. தட்டு குடல் அல்ல. இந்த முடிவை வைத்துக்கொண்டு ஒரு தாய் தன் குழந்தைக்கு எத்தனை கரண்டி கொடுப்பது என்று எப்படி முடிவெடுப்பாள்?

வேறு வழி இருக்கிறது. 2007-ல் வெளியான நைஜீரிய ஆய்வு ஒன்றைப் பாருங்கள். மலத்தில் புழுமுட்டையும் பிற ஒட்டுண்ணிகளும் இருந்த 60 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். 30 பேருக்குக் காய்ந்த பப்பாளி விதைப் பொடியைத் தேனில் குழைத்துக் கொடுத்தார்கள். மற்ற 30 பேருக்கு வெறும் தேன். ஒரு வாரம் கழித்து மறுபடி மலப் பரிசோதனை. முதல் குழுவில் 23 பேருக்கு மலம் சுத்தம். இரண்டாவது குழுவில் 5 பேருக்கு மட்டும். ஆய்வு சிறியது; அதனால் எல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறார்கள். ஒரு நுண்ணோக்கி, பயிற்சி பெற்ற ஒருவர், பெற்றோரின் சம்மதம், முன்பும் பின்பும் ஒரு பரிசோதனை. இதைச் செய்ய முடியாத இடமல்ல நீலகிரி. உதகையில் ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதன் 700 படுக்கை மருத்துவமனையும் 2025-ல் திறந்தாகிவிட்டது. எமரால்டில் மருந்துத் தாவர ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் ஒரே மேசையில் உட்காரவில்லை என்பதுதான் குறை.

சோதனை ஏன் அவசரம் என்றால், பட்டியலில் சில செடிகள் ஆபத்தானவை. ஆடுதின்னாப்பாளை பூச்சிக்குப் பேர்போனது. அதன் இன்னொரு பெயரே பூச்சிகொல்லி என்ற பொருளில் வழங்குகிறது. ஆனால் அந்த இனத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்க இந்த இனத்துச் சீன மூலிகை கலந்த மருந்தைச் சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பிறகு சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அந்த அமிலத்தை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்னும் முதல் வகையில் வைத்திருக்கிறது. குடித்த மறுநாள் ஒன்றும் தெரியாது. ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் பரம்பரை அனுபவம் மட்டும் இந்த ஆபத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆடுதின்னாப்பாளையை உள்ளுக்குக் கொடுக்காதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் தெளிவாகவே சொல்கிறோம்.

குப்பைமேனியும் எல்லோருக்கும் ஒத்துவராது. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாட்டோடு பிறந்தவர்கள் அதைக் கஞ்சியில் சேர்த்துக் குடித்துச் சிவப்பணுக்கள் உடைந்துபோன நிகழ்வுகளை 1990-களில் இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மாசிபத்திரியிலும் துஜோன் என்ற பொருள் இருக்கிறது. மிகுந்தால் வலிப்பு வரும். கர்ப்பிணிகள் பக்கமே போகக் கூடாது.

சோதிக்காமல் கஷாயம் கொடுக்கக் கூடாது என்பதற்கு நீலகிரிக்கென்றே இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவில் அரிவாள்செல் இரத்தக் குறைபாட்டை முதன்முதலில் கண்டறிந்து எழுதியது 1952-ல், நீலகிரிப் பழங்குடிகளைச் சோதித்தபோதுதான். பணியர், குறும்பர், இருளர் குடியிருப்புகளில் ஒரு குழந்தை வெளிறிச் சோர்ந்து கிடந்தால் அது பூச்சியாகவும் இருக்கலாம், அரிவாள்செல்லாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். ‘பூச்சிதான், கஷாயம் கொடு’ என்று நாமே முடிவு செய்துவிட்டால் அந்தக் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சை தள்ளிப்போகிறது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றி, வீடுவரை இந்த வேலையைக் கொண்டுபோயிருக்கிறது. கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம் 1958 முதல் இயங்குகிறது. வெளிறிய முகத்தைப் பார்த்ததும் இரத்தம் சோதிக்க அனுப்பும் பழக்கத்தை அவர்களிடமிருந்து தோட்டங்களும் கற்றுக்கொள்ளலாம்.

பச்சிலை, அளந்து கொடுக்கும் மருந்தாக மாறிய கதை வேறெங்கோ நடந்ததல்ல. இந்த மலையிலேயே நடந்தது. 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனா மரங்களை நட்டார்கள். கசப்புப் பட்டை காய்ச்சலைத் தீர்க்கும் என்று தென் அமெரிக்காவில் முன்பே தெரியும். அதோடு நிறுத்தாமல், எந்த மரத்துப் பட்டையில் எவ்வளவு சத்து என்று அளக்க உதகையில் ஒரு வேதியியலாளரை அரசு நியமித்தது. 1866-ல் சென்னை மாகாணத்தில் ஒரு குழு அமைத்து, பட்டையிலிருந்து பிரித்த சத்துகளைத் தனித்தனியே காய்ச்சல்காரர்களிடம் சோதித்தார்கள். அது வெள்ளையர் தம் ஆட்சிக்காகச் செய்தது. தோட்ட உழைப்பு யாருடையது என்பதும் நமக்குத் தெரியும். அந்த முறை மட்டும் நல்ல முறை. 2015-ல் சீன விஞ்ஞானி தூ யூயூ நோபல் பரிசு பெற்றதும் நம் மாசிபத்திரியின் உறவுச் செடியிலிருந்து மலேரியா மருந்து கண்டதற்காகத்தான். பழைய மருத்துவ ஏடுகளைப் படித்துவிட்டு அவர் நேராக ஆய்வகத்துக்குப் போனார்.

சோதனை வரும்போது அறிவுக்கு உரியவர்களை மறக்கக் கூடாது. திருவனந்தபுரத்துக்கு அருகே காணிப் பழங்குடியினர் அடையாளம் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானபோது, அதை உருவாக்கிய தாவரவியல் ஆய்வு நிறுவனம் உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கியது. குறும்பரோ இருளரோ காட்டும் செடிக்கும் அந்த நியாயம் வேண்டும். காட்டுக்கும் நியாயம் வேண்டும். பூச்சி மருந்துகளில் தலையாயதான வாய்விடங்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏறுகொடி. கொடியையே வெட்டிச் சாய்த்துக் காயெடுத்ததில் அது அருகிவிட்டது. நாட்டு மருந்துக் கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பல சமயம் வேறு செடியின் காய். அருகிப்போன மருந்தைக் காட்டிலிருந்து இன்னும் பறிப்பதை நிறுத்திவிட்டு, தோட்ட ஓரங்களில் அதை வளர்க்க வனத்துறையும் தேயிலை விவசாயிகளும் சேர்ந்து முன்வரலாம்.

யார் என்ன செய்வது? முதல் கடமை தோட்ட நிர்வாகங்களுக்கு. குடிநீரும் கழிப்பறையும் மருத்துவ வசதியும் தர வேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் லைன் வீட்டில் கழிப்பறை இருந்தாலும், ஒரு கிலோமீட்டர் தள்ளிக் காட்டில் எட்டு மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு அது எப்படிப் பயன்படும்? பறிக்கும் காட்டுக்கே தூக்கிச் செல்லக்கூடிய கழிப்பறை வேண்டும். அட்டைக்கும் புழுவுக்கும் சேர்த்துக் காலணி வேண்டும். இரண்டும் சேர்ந்து ஆகும் செலவு, இரத்தசோகையால் குறையும் பறிப்பை நினைத்தால் செலவே அல்ல. ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியால் தனியே இது முடியாது. ஹட்டிகள் என்னும் மலைச் சிற்றூர்களும் ஊராட்சிகளும் கூட்டாகச் செய்ய வேண்டும். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து பறிக்கும் குடும்பங்களின் குழந்தைகள் பள்ளிக்கூடப் பட்டியலில் இல்லாததாலேயே மாத்திரை நாளில் விடுபடுகிறார்கள். அவர்களைத் தேடிப்போவது அங்கன்வாடிப் பணியாளர் தலையில் மட்டும் விழும் வேலையாக இருக்கக் கூடாது.

அரசிடம் நாம் கேட்பது ஒன்றுதான். தேயிலை பறிக்கும் எல்லா வயதினரையும் மாத்திரைப் பட்டியலில் சேருங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் நடத்திய ஆய்வில், சில ஊர்களில் குழந்தைகளுக்கு மட்டும் கொடுத்தும், சில ஊர்களில் எல்லா வயதினருக்கும் கொடுத்தும் ஒப்பிட்டார்கள். அங்கே அதிகம் இருந்தது கொக்கிப்புழு. அது வயது ஏற ஏறக் கூடுதலாக இருந்தது. குழந்தைக்கு மட்டும் கொடுத்தால் பெரியவர் வயிற்றில் புழு தங்கிவிடும், பிறகு மண் வழியாகக் குழந்தைக்கே திரும்பும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். அவர்கள் பையில் இன்னொரு மாத்திரைக்கு இடம் இருக்கும்.

வைத்தியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் கொடுக்கும் மருந்தின் பெயரை மறைக்காதீர்கள். கொடுப்பதற்கு முன்பும் பின்பும் மலப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். உங்கள் மருந்து வேலை செய்தால் அந்தச் சீட்டே உங்களுக்குச் சாட்சி.

அடுத்த குடற்புழு நீக்க நாள் வருவதற்குள் உங்கள் தோட்டத்தில், ஊரில், ஹட்டியில் ஒரு கூட்டம் போடுங்கள். மேஸ்திரியும் கிராமச் சுகாதாரச் செவிலியரும் சித்த மருத்துவரும் தலைமையாசிரியரும் தேயிலை பறிக்கும் அம்மாக்களும் அதில் இருக்கட்டும். முதலில் பேச வேண்டியவர்கள் அந்த அம்மாக்கள்தான். காட்டில் கழிப்பறை எங்கே வைப்பது என்பது அவர்களுக்குத் தெரியும்.